தொட்டித் தண்ணீருக்கு உறை

திருப்பதியில் வீடு இருந்தால் விருந்தாளி இல்லாத வாரம் கிடையாது. மலையேறும் முன் ஒரு வேளை, இறங்கிய பின் ஒரு வேளை என்று சொந்தக்காரர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த ஆனி மாதம் என் அக்கா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தொட்டி இருக்கு, காத்து ஓடுது, மீன் எங்கே?" எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் கேட்டார், "சேப்பலேவி?" அக்கா மகள் யாருக்கும் பதிலை மாற்றவில்லை. "இன்னும் தண்ணி தயாராகல."

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டர் சொச்சம் பிடிக்கும் சாதாரணக் கண்ணாடித் தொட்டி. அடியில் கூழாங்கல், மூலையில் கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதிலிருந்து விடாமல் ஏறும் குமிழி. 34 நாள் அது மீனில்லாமல் ஓடியது.

அந்த 34 நாளின் அருமை எனக்குத் தெரியும், நான் அதைச் செய்யாமல் விட்டவன். பல வருடம் முன்பு சித்தூரில் எங்கள் வீட்டுக்கு முதல் தொட்டி வாங்கிய அதே ஞாயிற்றுக்கிழமை, சென்னை கொளத்தூருக்குப் போய் ஆறு கோல்ட்ஃபிஷ்ஷும் வாங்கி வந்தேன். கொளத்தூரைத் தெரியாத வண்ண மீன் பிரியர்கள் தென்னிந்தியாவில் இருக்க மாட்டார்கள். தெருத் தெருவாகக் கடைகள். நாடு முழுக்க மீன் அனுப்புகிற ஊர். ஆக்சிஜன் ஏற்றிக் கட்டிய பையோடு பஸ்ஸில் ஊர் திரும்பி, போர்த் தண்ணீர் நிரப்பி, அன்று இரவே மீன்களை விட்டேன். "இன்னிக்கே விடலாம், ஒண்ணும் ஆகாது" என்று விற்றவர் சொன்னார். தண்ணீரோ பளிங்கு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கிடந்தன. செவுள் ஓரம் ரத்தம் கட்டினதுபோல் சிவந்திருந்தது. நோய் என்று நினைத்து நீல மருந்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் ஐந்து போய்விட்டன. என் பையன் ஒவ்வொன்றையும் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தான். மீன்களுக்கு நோயே இல்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது.

நடந்தது இதுதான். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் மக்கி அம்மோனியா ஆகிறது. ஏரியில், குளத்தில் அதைத் தின்பதற்கென்றே பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்; இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் கெடுதல் இல்லை. புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இருக்காது. மீன் தன் கழிவிலேயே மூச்சு விட வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

நம் ஊர்த் தண்ணீரில் இந்த விஷம் இன்னும் கடுமையாக வேலை செய்யும். சித்தூர், திருப்பதி இரண்டும் பாறைப் பூமி. போர்த் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். எங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்தபோது பி.எச். 8.2 காட்டியது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கு சொச்சம்தான் விஷ வடிவத்தில் இருக்கும். அதுவே 30 டிகிரி, பி.எச். 8 என்றால் நூற்றுக்கு ஏழுக்கு மேல். ஏறக்குறைய 13 மடங்கு. குளிர்ப் பிரதேசத்துக்காரர் எழுதின புத்தகத்தைப் படித்துவிட்டு "கொஞ்சம் அம்மோனியா தாங்கும்" என்று நம்பினால் சித்திரை வெயிலில் தொட்டி காலி.

ஆனால் அதே தண்ணீர்தான் பாக்டீரியாவுக்கு விருந்து. அவற்றுக்குக் காரத்தன்மை பிடிக்கும், வெதுவெதுப்பு பிடிக்கும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் அளவுக்குத் தண்ணீரின் காரச்சத்தைத் தின்கின்றன. நம் கடின நீரில் அது கொட்டிக் கிடக்கிறது. இதை அறியாமல் "சுத்தமான தண்ணி" என்று ஆர்.ஓ. கேன் வாங்கித் தொட்டியை நிரப்புகிறவர்கள் திருப்பதியில் நிறையப் பேர். அந்தத் தண்ணீரில் காரச்சத்து சீக்கிரம் தீர்ந்து, பி.எச். சரிந்து, பாக்டீரியா பாதியில் வேலையை நிறுத்திவிடும். பொறுத்திருந்தால் உதவும் தண்ணீர், அவசரப்பட்டால் கொல்லும். மீன் வளர்க்க நினைக்கிற ஒவ்வொருவரிடமும் இதை உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாக்டீரியாக் கூட்டம் வளரும்வரை மீன் விடாமல் காத்திருப்பதை மீன் வளர்ப்பவர்கள் "சைக்கிளிங்" என்கிறார்கள். நமக்கு அதைவிட நல்ல சொல் அடுக்களையிலேயே இருக்கிறது: உறை ஊற்றுவது.

அக்கா மகள் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். திருப்பதிக் குழாயில் கல்யாணி அணைத் தண்ணீரும் தெலுங்கு கங்கைத் தண்ணீரும் வருகின்றன. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து 1996 முதல் பூண்டி ஏரிக்கு ஓடிச் சென்னையின் தாகம் தீர்ப்பதும் இந்தத் தெலுங்கு கங்கைதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. நமக்கு நல்லது, பாக்டீரியாவுக்கு எமன். கடையில் "ஆன்டி குளோரின்" என்று விற்கும் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே உப்பு. சில சொட்டு போதும்.

பிறகு தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைக் காலித் தொட்டியில் தூவினாள். இல்லாத மீனுக்குச் சோறு போடுவதைப் பார்த்து அக்காவுக்குத் தாங்கவில்லை. கணக்கு இதுதான்: நூற்றுக்கு 40 பங்கு புரதம் உள்ள தீனி ஒரு கிராம் மக்கினால் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அந்தத் தொட்டிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். பாக்டீரியாவுக்கு அது போதுமான சாப்பாடு.

ஏழாம் நாள் டெஸ்ட் கிட்டின் சின்னக் கண்ணாடிக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சைக்குத் திரும்பியது. அம்மோனியா வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் தொட்டி பால் கலந்ததுபோல் வெளிறியது. "மாமா, கொட்டிட்டு மறுபடி நிரப்பட்டுமா?" என்று போன் செய்தாள். தொடாதே என்றேன். அது மக்கும் பொருளைத் தின்கிற வேறு பாக்டீரியா. நான்கு நாளில் தானே தெளிந்தது.

ஏன் இவ்வளவு நாள்? இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்குகிறதே? மாவைப் புளிக்க வைக்கும் கிருமி ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாகிவிடும். அம்மோனியா தின்னும் கிருமிக்கு நல்ல வசதி இருந்தாலும் அரை நாள், ஒரு நாள் ஆகும். அது வாழும் முறையே கஞ்சத்தனமான முறை.

1877இல் பாரிஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் இந்த மெதுவான வேலையைக் கண்ணால் பார்த்தார்கள். நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரை மெல்ல வடிய விட்டார்கள். முதல் 20 நாள் அம்மோனியா அப்படியே இறங்கியது. அதன் பிறகு நைட்ரேட் தோன்றி ஏறிக்கொண்டே போனது. குளோரோஃபார்ம் செலுத்தினார்கள், நின்றுவிட்டது. அப்படியென்றால் உயிருள்ள ஏதோதான் வேலை செய்கிறது. குளோரோஃபார்மை நிறுத்திய பிறகும் அது தானாகத் தொடங்கவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றிய பிறகே மறுபடி தொடங்கியது. இதைப் படித்தபோது எனக்கு மோர் ஊற்றுகிற அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. 1890இல் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி அந்தக் கிருமிகளைப் பிரித்தெடுத்தார். 2015இல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாகவே செய்து முடிக்கும் பாக்டீரியாவும் உண்டென்று கண்டார்கள்.

மூன்றாம் வாரம் நைட்ரைட் சோதனையில் நீலத்துக்குப் பதில் அடர் ஊதா. பாதி வழி வந்தாயிற்று. அப்புறம் ஒரு மாலை இடி மின்னலோடு கரண்ட் போய் நான்கு மணி நேரம் குமிழி நின்றது. இந்தப் பாக்டீரியாவுக்கு மூச்சுக் காற்று இல்லாமல் முடியாது. அதற்கடுத்த ஆறு நாளும் ஊதா ஊதாவாகவே நின்றது. அவள் குரல் சோர்ந்துபோனது.

சித்தூரில் என் நண்பரிடம் பல வருடமாக ஓடும் தொட்டி ஒன்று உண்டு. அதன் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தார். கையில் எடுத்தால் பழுப்பாக, வழுவழுவென்று, மழைக்குப் பின் ஏரிக்கரை மண்ணின் வாசனையோடு இருந்தது. நாற்றமே இல்லை. நாறினால் அது செத்த ஸ்பாஞ்ச். அதே தொட்டித் தண்ணீரில் நனைத்து, மூடாத டப்பாவில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் 70 கிலோமீட்டர் போனேன். அக்கா அதைக் குழாயடியில் அலசப் போனாள், ஓடிப்போய்த் தடுத்தேன். குளோரின் தண்ணீரில் ஒரு அலசு அலசினால் பல வருட உறை போச்சு.

புது ஃபில்டர் பக்கத்தில் அதைச் செருகி வைத்தோம். ஐந்தாம் நாள் ஊதா வெளிறியது. எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு போட்டோ வந்தது. அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர் நீலம், நைட்ரேட் ஆரஞ்சு. கூடவே ஒரு வரி: "மாமா, இறங்கிடுச்சு."

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டு இதைப் படிக்கிறவர்கள் கலங்க வேண்டாம். தீனியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். குளோரின் போன தண்ணீரில் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கரைத்தால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாது. யாரிடமாவது பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்க நாம் கூச்சப்பட்டதில்லையே.

34ஆம் நாள் பாதித் தண்ணீரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்; நைட்ரேட் அதற்கு உரம். கடின நீரில் நன்றாக வாழும் மோலி நான்கு வந்தன. ஒரு கறுப்பு மோலி தொட்டிக்குள் போனவுடனே புது ஸ்பாஞ்சின் மேல் படிந்திருந்த பழுப்பைக் கொறிக்கத் தொடங்கியது. மறுநாள் சோதனையிலும் மஞ்சள்தான். அடுத்த நான்கு மீன் இரண்டு வாரம் கழித்து. கூட்டம் பெருகட்டும் என்று காத்திருக்கிறாள்.