கர்ப்ப காலத்தில் முகம் கறுக்கிறதா? க்ரீம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கர்ப்ப காலத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாகக் கருமை படர்வது பலருக்கும் வருவதுதான். இதைத்தான் ‘மங்கு’ என்கிறோம். கழுத்து கறுப்பதும், வயிற்றின் நடுவே கருங்கோடு விழுவதும் இதே வகைதான். கர்ப்ப கால ஹார்மோன்கள் தோலின் நிறமியைத் தூண்டுவதே காரணம். வெயில் பட்டால் மங்கு இன்னும் கூடும். பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்குப் பிரசவமான சில மாதங்களில் தானே குறைந்துவிடும்.

ஆனால் அதுவரை சும்மா இருக்க விடுகிறார்களா? ‘என்னம்மா, முகமெல்லாம் இப்படிக் கறுத்துப் போச்சே!’ என்று நாலு பேர் கேட்டதும் வீட்டுக்குள் ஒரு சிவப்பழகு க்ரீம் வந்துவிடுகிறது. ஆபத்து மங்கில் இல்லை, அந்த டப்பாவில்தான் இருக்கலாம்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

பாதரசம்: இந்தியாவில் அழகுப் பொருட்களில் இதைச் சேர்க்கத் தடை உள்ளது. ஆனாலும் திருட்டுத்தனமாக விற்கப்படும் க்ரீம்களில் இருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்புடன் வந்த சிலர் பூசிய சிவப்பழகு க்ரீம்களில் அளவுக்கு மீறிய பாதரசம் இருந்தது தெரியவந்தது. பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையையும் எட்டும்.

ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு: இவை மூன்றும் கலந்த க்ரீமை மருந்துச் சீட்டு இல்லாமலே பலர் வாங்கிப் பூசுகிறார்கள். கர்ப்ப காலத்தில் இது வேண்டவே வேண்டாம்.

டப்பாவில் என்ன பார்ப்பது?

தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதித் தேதி இல்லாத க்ரீமை வாங்காதீர்கள். மெர்க்குரி, மெர்க்குரஸ் குளோரைடு, கலோமெல் என்ற பெயர்கள் இருந்தால் அது பாதரசம். ‘தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது’ என்று எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே பூசியிருந்தால்?

உடனே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல், பிளாஸ்டிக் பையில் கட்டி, அடுத்த பரிசோதனைக்குக் கையோடு கொண்டு போங்கள். இதற்கு முக்கியமான காரணம் உண்டு. கால் வீக்கம், சிறுநீரில் புரதம் ஆகியவை கர்ப்ப கால ரத்தக் கொதிப்பின் அறிகுறிகள். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கினாலும் அதே அறிகுறிகள்தான் வரும். க்ரீம் பூசியதை நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். கூச்சப்படாமல் சொல்லுங்கள். வீக்கம், தலைவலி, சிறுநீரில் நுரை இருந்தால் பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

மங்குக்கு என்ன செய்யலாம்?

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் போனால் குடை பிடியுங்கள். துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் பூசலாம், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மற்ற சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். ‘இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா குழந்தை கறுப்பாப் பொறக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையால் மலம்தான் கறுப்பாகப் போகும். குங்குமப்பூவும் நிறத்தை மாற்றாது. குழந்தையின் நிறம் பெற்றோர் வழி வருவது. மாத்திரையை நிறுத்தினால் ரத்தசோகை வரும். பிரசவத்தின்போது அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

யாரிடம் கேட்பது?

• உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் அல்லது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்

• அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவு

• தொலைபேசியில் ஆலோசனை பெற: 104

• சந்தேகமான க்ரீம் விற்பனை பற்றிப் புகார் செய்ய: உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர். டப்பாவையும் ரசீதையும் வைத்திருங்கள்.