சுபாவம் அல்ல, சுகவீனம்

கண்டியில் பாடசாலை விட்டதும் வாவிக்கரையெங்கும் வெள்ளைச் சீருடைகள் நிறைந்துவிடும். பலர் பஸ் ஏறுவார்கள். சிலர் நேரே டியூஷனுக்குப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் எவரோடும் ஒட்டாமல் நடக்கும் பையனைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். "அவன் சின்னதிலேருந்தே அப்படித்தாங்க, அவன் சுபாவம் அது" என்பார்கள். நீடித்த மனச்சோர்வு ஒளிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும்.

இந்த நோய் மெல்ல வந்து தங்கிவிடும். பெரியவர்களிடம் இரண்டு ஆண்டு தொடர்ந்தால்தான் வைத்தியர்கள் இதை நீடித்த மனச்சோர்வு என்பார்கள். பிள்ளைகளுக்கு ஓராண்டே போதும். பிள்ளையிடம் அது சோகமாகத்தான் தெரியும் என்றில்லை, ஓயாத எரிச்சலாகவும் தெரியலாம். பசி குறையும், அல்லது மிஞ்சும். தூக்கம் கெடும், பாடத்தில் மனம் நிற்காது, "என்னால முடியாது" என்ற பேச்சு கூடும். சிலருக்கு அது வயிற்றுவலியாக, தலைவலியாக வரும். பரிசோதனையில் ஒன்றும் அகப்படாததால் 'பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிப்பு' என்று ஏச்சும் விழும்.

சிகிச்சை உண்டு. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் பிள்ளை தன் எண்ணத்தைத் தானே சோதிக்கப் பழகுகிறது. 'எனக்கு எதுவும் சரிவராது' என்று தோன்றும்போது, அது உண்மைதானா என்று கேட்டுப் பார்க்கிறது. கைவிட்ட விளையாட்டைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்குகிறது. மனச்சோர்வுள்ள 439 பதின்வயதினரிடம் நடந்த அமெரிக்க ஆய்வொன்று 2004இல் வெளியானது. 12 வாரங்களில் இந்தச் சிகிச்சையும் ஃப்ளூவொக்ஸெட்டின் குளிசையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதத்தினர் தேறினர். குளிசை மட்டும் எடுத்தவர்களில் இது 61, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 35. குளிசை தொடங்கிய முதல் வாரங்களில் சில இளையோருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். அதனால் வைத்தியரும் வீட்டாரும் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். குளிசையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

வருமுன் காக்க முடியுமா? மனச்சோர்வு கண்ட பெற்றோரின் 316 பதின்வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் வழிமுறைகளைக் குழுவாகக் கற்றவர்களில் 21 சதவீதத்தினருக்கே ஒன்பது மாதத்துக்குள் மனச்சோர்வு வந்தது. கற்காதவர்களில் 33 சதவீதம். ஆனால் பயிற்சி தொடங்கும்போதே தாயோ தந்தையோ சோர்வில் மூழ்கியிருந்த வீடுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இதன் மறுபக்கத்தை 2006இல் வந்த ஆய்வொன்று முன்பே காட்டியிருந்தது. சிகிச்சையால் தாய் மூன்று மாதத்தில் குணமான வீடுகளில், ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்த பிள்ளைகளில் 33 சதவீதத்தினரும் குணமடைந்தனர். தாய் குணமாகாத வீடுகளில் 12 சதவீதம்தான். பிள்ளையைக் காக்கும் மருந்தில் ஒரு பங்கு தாய்க்கு உரியது.

கண்டியை அடுத்த ஹந்தானை, கலஹா தேயிலைத் தோட்டங்களில், விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடும் தாய் இரவில் தூங்கினாளா என்று யார் கேட்கிறோம்? பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை இலவசம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவருக்கானது.

'சுபாவம்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, பிள்ளை கடைசியாக மனம்விட்டுச் சிரித்து எத்தனை மாதம் என்று எண்ணிப் பாருங்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளில், அவனுடைய அம்மாவையும் உட்காரவைத்து, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேளுங்கள்.