பாட்டு தெரியும், படம் தெரியாது

'என் இனிய பொன் நிலாவே' தெரியாத தமிழ் வீடு எங்கள் ஊர் பெர்மாஸ் ஜெயாவில் இருக்குமா? ராத்திரியில் மின்னல் எஃப்எம் போட்டால் எப்படியும் ஒருநாள் காதில் விழும். கல்யாண விருந்தில் கரோக்கே மைக் கைக்கு வந்தால் எங்கள் மாமாவுக்கு இதுதான் பாட்டு, அதுவும் மாமியைப் பார்த்துக்கொண்டே. எனக்கும் அது காதல் பாட்டுதான், போன சனிக்கிழமை வரை.

அன்று அக்கா வீட்டில் 'மூடுபனி'யை முதன்முறையாகப் பார்த்தோம். கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்கிற ஆட்டமல்ல இந்தப் படம். அதனால் கதையைச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள். விலைமாதர் பின்னால் போய்விட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பா. அதைப் பார்த்து வளர்ந்த சந்துரு, அப்படிப்பட்ட பெண்களைத் தேடிக் கொல்கிறான். சந்துருவாக வரும் பிரதாப் போத்தனுக்கு வில்லன் முகமே இல்லை. பயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரேகா என்ற பெண் மட்டும் கிடைத்தால் தான் தேறிவிடலாம் என்று நம்பி, அவளை ஊட்டிக்குக் கடத்திப் போகிறான். அங்கே கிடாரை எடுக்கிறான். யேசுதாஸ் குரல் வருகிறது. அக்கா ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டாள். "இந்தப் பாட்டா?"

எதிரே இருப்பவள் காதலி அல்ல, கடத்தி வரப்பட்டவள்.

ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவல்தான் படத்துக்கு மூலம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) நிழலும் உண்டு. ஆனால் அங்கே மகனை ஆட்டிவைக்கும் அம்மா, இங்கே அடிபடும் அம்மா. நம் வீட்டுக் கதைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மட்டக்களப்புக்காரர் பாலு மகேந்திரா இயக்கத்தோடு கேமராவையும் தானே வைத்துக்கொண்டார். சுமத்ரா காடு எரிந்து வரும் புகைமூட்டம்தான் எங்களுக்குத் தெரியும். அந்த ஊட்டிப் பனி அதைவிட மூச்சை அடைத்தது. இளையராஜாவுக்கு இது 100வது படம். பல இடங்களில் அவர் வாசிக்காமல் விட்டதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

ரேகாவாக வரும் ஷோபா 1980 மே 1 அன்று இறந்தார், 17 வயதில். படம் நவம்பர் 7 அன்றுதான் திரைக்கு வந்தது. இது தெரிந்த பிறகு அவர் வரும் காட்சிகளை வெறும் நடிப்பாகப் பார்க்க முடியவில்லை.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவருடைய முப்பதாவது கல்யாண நாள். கரோக்கே செட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது.