ஸ்டீரியோ ரிசீவர் தேர்வு

ஸ்டீரியோ ரிசீவர் என்பது வானொலி அலைகளைப் பெறும் ட்யூனரையும், இரண்டு ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிபயரையும் ஒரே பெட்டியில் கொண்ட வீட்டு ஒலிக்கருவி ஆகும். ட்யூனர் இல்லாத வகை ஒருங்கிணைந்த ஆம்ப்ளிபயர் எனப்படுகிறது. இதைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் அச்சிட்டுள்ள வாட் எண்ணிக்கையை விட, கருவி ஸ்பீக்கருக்கும் வாங்குபவரின் ஊருக்கும் பொருந்துகிறதா என்பதே முதன்மையானது.

வாட் அளவு

ஆற்றல் இரு மடங்கானால் ஒலி மட்டம் 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவை. எனவே 50 வாட் கருவிக்கும் 100 வாட் கருவிக்கும் உள்ள ஒலி வேறுபாடு சிறியதே. 87 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர், 1 வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபலும் 10 வாட்டில் 97 டெசிபலும் தரும்.

பி.எம்.பி.ஓ. என்று விளம்பரப்படுத்தப்படும் எண் கணநேர உச்சத்தைக் குறிப்பது. அதை அளக்கப் பொதுத் தரம் கிடையாது. 8 ஓம் ஸ்பீக்கரில் இரு பக்கமும் ஒருங்கே இயங்கும்போது கருவி தொடர்ந்து தரக்கூடிய வாட் அளவையே ஒப்பிட வேண்டும். இது பெரும்பாலும் ஆர்.எம்.எஸ். எனக் குறிக்கப்படுகிறது.

ஸ்பீக்கருடன் பொருத்தம்

4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் ஸ்பீக்கரை விட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். குறைந்தது 6 அல்லது 8 ஓம் வேண்டும் எனக் குறிக்கப்பட்ட கருவியில் அதை இணைத்தால் கருவி அளவுக்கு மீறிச் சூடாகலாம். சிறிய ஆம்ப்ளிபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் அலைகளின் உச்சி வெட்டுப்பட்டு, உயர் ஒலி தரும் ட்வீட்டர் எரிந்துபோகக் கூடும்.

இணைப்புகள்

இசைத்தட்டு இயக்கியின் ஊசி சில மில்லிவோல்ட் அளவே தருகிறது. குறுந்தட்டு இயக்கி ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. ஆகவே இசைத்தட்டு கேட்போருக்கு போனோ என்னும் தனி உள்ளீடு வேண்டும். தொலைக்காட்சிக்கு ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. உள்ளீடும், கைபேசிக்கு புளூடூத்தும் பயன்படும்.

ஜெகதாப்பட்டினமும் ட்யூனரும்

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில் உள்ள மீனவர் ஊர் ஜெகதாப்பட்டினம். தமிழகக் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி பல ஆண்டுகள் வீட்டு வானொலி போலவே கேட்கப்பட்டது. இத்தகைய இடங்களில் ட்யூனரும் வெளி ஆன்டெனா இணைப்பும் முக்கியத்துவம் பெறுகின்றன. தொலைதூரப் பண்பலை நிலையம் இரைச்சலுடன் ஒலித்தால், மோனோவுக்கு மாற்றுவது இரைச்சலைப் பெரிதும் குறைக்கும். இதற்கான பொத்தான் உள்ள கருவியே நல்லது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கருவிகளில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்:

1. மின்னழுத்தம்: இந்தியாவில் 230 வோல்ட். ஜப்பானின் 100 வோல்ட், அமெரிக்காவின் 120 வோல்ட் கருவிகளை நேரடியாகச் செருகினால் பழுதாகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.
2. பண்பலை வரிசை: ஜப்பானியக் கருவிகள் 76 முதல் 90 அல்லது 95 மெகாஹெர்ட்ஸ் வரையே எடுக்கும். கொடைக்கானல் பண்பலையின் 100.5 அதற்கு அப்பால் உள்ளது.
3. மத்திய அலைப் படி: அமெரிக்க டிஜிட்டல் ட்யூனர்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நகர்பவை; இந்தியாவில் 9. திருச்சிராப்பள்ளி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸில் அவை சரியாக நிற்காது. சில கருவிகளில் இதை மாற்றும் வசதி உண்டு.

உப்புக்காற்று

கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் செருகுமுனைகளையும் சுவிட்சுகளையும் அரிக்கின்றன. கரகரப்பும் ஒரு பக்க ஒலி நின்றுபோவதும் இதனால் நேரலாம். கடலை நோக்கிய சன்னலுக்கு அருகே கருவியை வைக்காமல், மேற்புறம் காற்றோட்டம் விட்டு வைப்பது அதன் ஆயுளைக் கூட்டும். பழைய கருவியை வாங்குமுன் ஒவ்வோர் உள்ளீட்டையும் ஒலித்திருகையும் இயக்கிக் கேட்பது அவசியம்.