ஜாடிக்கு யார் காவல்?

மாசி கடைசி ஞாயிறன்று சமயபுரத்தில் பூச்சொரிதல். பக்தர்கள் விரதமிருப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு அவ்வளவுதான். அந்த நாட்களில்தான் கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் மாவடுக் கூடைகள் வந்து இறங்கும். காம்போடு, பால் வடிய, உருண்டை வடுவாகப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்பாள் அம்மா. எங்கள் வீட்டில் பரணிலிருந்து பீங்கான் ஜாடி இறங்குவதும் அப்போதுதான்.

அம்மாவின் மாவடுவில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வடுவைக் கழுவி, வேட்டித் துணியில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பும் மஞ்சளும் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் போட்டு ஜாடியை மூடுவாள். தினமும் ஒரு குலுக்கு. நாலைந்து நாளில் வடு சுருங்கித் தன் தண்ணீரைத் தானே விடும். அடுத்த மாசி வரைக்கும் அது கெடாது. ஏன் கெடாது என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வைத்தது வேறு ஒரு பாட்டில்.

இரண்டு வருடத்துக்கு முன் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்து, உரித்த பூண்டை நல்லெண்ணெயில் ஊறப்போட்டேன். வீட்டில் ரத்தக்கொதிப்பு இருக்கிறதே என்று உப்பைப் பெயருக்குத்தான் சேர்த்தேன். எலுமிச்சை பிழியவில்லை, புளி கரைக்கவில்லை. ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி பாட்டிலில் காற்றுப் புகாமல் இறுக்கி மூடி, அடுப்பு மேடையிலேயே வைத்தேன். மூன்றாவது வாரம் எண்ணெய்க்குள் பொடிப்பொடியாகக் குமிழிகள். வாசனையில் ஒரு குறையும் இல்லை. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தொட்டு நாக்குல வெக்காத, கொட்டிடு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கால் கிலோ பூண்டு, நல்ல செக்கெண்ணெய். பிறகு படித்துப் பார்த்தபோதுதான் அம்மா எதிலிருந்து எங்களைத் தடுத்தாள் என்று புரிந்தது.

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. மண்ணுக்குள் விளையும் பூண்டு, உருளை, இஞ்சியில் அதன் வித்துகள் ஒட்டியிருக்கலாம். வித்தாக இருக்கும்வரை பெரியவர்களுக்கு அநேகமாக அதனால் ஒன்றும் ஆகாது. கொதிக்கும் தண்ணீரிலும் அந்த வித்து சாகாது. காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, உப்பு குறைந்த, ஈரமுள்ள, அறைச் சூட்டில் உள்ள இடம் கிடைத்தால் அது முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கும். மனிதன் அறிந்த நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. எண்ணெயில் மூழ்கிய பூண்டு அந்த ஐந்தையும் ஒருசேரக் கொடுக்கிறது. இந்த நஞ்சால் வரும் நோய்க்குப் போட்டுலிசம் என்று பெயர்.

1985இல் கனடாவின் வான்கூவர் நகர உணவகம் ஒன்றில் எண்ணெயில் ஊறிய நறுக்குப் பூண்டு இப்படித்தான் 36 பேரைப் படுக்கவைத்தது. குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய பாட்டிலை வெளியில் வைத்திருந்தார்கள். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்து. வீட்டில் பாட்டிலில் அடைத்த உருளைக்கிழங்கைக் கொண்டு யாரோ அன்போடு செய்து கொண்டுவந்த சாலட்டில் நஞ்சு இருந்தது. 29 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அந்தக் கிழங்கை வெந்நீரில் வைத்துத்தான் அடைத்திருந்தார்கள், அழுத்தக் கலனில் அல்ல. நம் நாட்டில் 1996இல் குஜராத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்கள் ஒரே நேரத்தில் விழுந்தார்கள், மூவர் பிழைக்கவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியாவின் நஞ்சு என்று சந்தேகித்தார்கள். கைகாட்டப்பட்டது கடலைமாவுச் சேவு. அரிய நோய்தான். ஆனால் வந்துவிட்டால் ஒரு வீட்டையே படுக்கவைக்கும்.

உணவைப் பாட்டிலில் காப்பாற்ற உலகத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நம்முடையது: உப்பு, புளிப்பு, வெயில். இன்னொன்று பிரான்சில் நிக்கோலா அப்பேர் கண்டுபிடித்தது. பாட்டிலில் அடைத்து, இறுக்கி, நெடுநேரம் சூடுபடுத்துவது. அதற்காக 1810இல் அந்த நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. முதல் வழியில் உப்பும் புளிப்பும் காவல். இரண்டாவது வழியில் சூடு காவல். புளிப்பில்லாத பண்டத்துக்கு அந்தச் சூடு 121 டிகிரி வரை ஏற வேண்டும், அதற்கென்றே செய்த அழுத்தக் கலன் வேண்டும். இன்று நம் சமையலறைகளில் நடக்கும் சோதனைகளில் ஆபத்து எங்கே வருகிறதென்றால், இதில் பாதியும் அதில் பாதியும் எடுக்கும்போதுதான். உடம்புக்கு நல்லது என்று உப்பைக் குறைக்கிறோம், எலுமிச்சை வேண்டாம் என்கிறோம், ஆனால் வெளிநாட்டுப் பாணியில் காற்றுப் புகாமல் அடைக்கிறோம். இரண்டு காவலும் இல்லாத பாட்டில் அது. வீட்டுக் குக்கரில் பாட்டிலை வைத்து நாலு விசில் விட்டால் போதும் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். பாட்டிலின் நடுப்பகுதிக்கு எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் போய்ச் சேர்ந்தது என்பது விசிலில் தெரியாது.

அளவுகளைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 4.6க்குக் கீழே போட்டுலினம் வித்து முளைக்காது. மாங்காயும் எலுமிச்சையும் நெல்லியும் பிறவியிலேயே அதற்கு வெகு கீழே இருப்பவை. பூண்டு, காளான், வாழைப்பூ, வாழைத்தண்டு, பச்சைப் பட்டாணி எல்லாம் அதற்கு மேலே. ஆகவே இவற்றை ஊறுகாய் போட்டால் புளியோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ கட்டாயம், அதுவும் தாராளமாக. வாழைப்பூத் தொக்கில் நம் பாட்டிகள் புளியை அள்ளிப் போட்டது ருசிக்காக மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன்.

உப்பு நீரில் ஊறும் ஊறுகாய்க்கு நம் நாட்டு உணவுத் தர விதிகள் குறைந்தது 12 விழுக்காடு உப்பு கேட்கின்றன. ஒரு கிலோ வடுவுக்கு 150 கிராம் கல் உப்பு போட்டால் மொத்த எடையில் 13 விழுக்காடு வரும். அம்மாவின் கையளவை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய அதே கணக்கு. எண்ணெய் ஊறுகாய்க்கு எண்ணெய் குறைந்தது 10 விழுக்காடு என்கிறது விதி. ஆனால் எண்ணெய் பூஞ்சையைத்தான் தடுக்கும். காற்றை அடைப்பதால் மற்றதற்கு அது வழி விடுகிறது.

ரத்தக்கொதிப்புக்காரர்கள் வீட்டில் இருந்தால்? உப்பைக் குறைக்க வேண்டிய இடம் ஜாடி இல்லை, இலை. நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் நிற்க ஒரு வடுவைப் பாதியாக்கித் தொட்டுக்கொள்ளலாம். உப்பு குறைத்துத்தான் வேண்டும் என்றால் கொஞ்சமாகப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடுங்கள். கோழி, மீன், இறால் ஊறுகாய்க்கும் இதேதான். அவற்றை மேடையில் வைக்கவே வேண்டாம்.

உப்பு நீரின் மேல் மெல்லிய வெள்ளை ஆடை படிவது பெரும்பாலும் ஈஸ்ட், அதை எடுத்துவிடலாம். பச்சையோ கறுப்போ பஞ்சுபோலப் பூத்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுவது தவறு. பூஞ்சை புளிப்பைத் தின்றுவிடும், காவல் தளர்ந்துபோகும். ஊறுகாய்க்கு அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் டப்பாவும் புளிப்புக்கும் எண்ணெய்க்கும் செய்தவை அல்ல. மலிவான வண்ண ஜாடிகளின் மெருகில் காரீயம் இருக்கலாம், தெரிந்த கடையில் வாங்குங்கள்.

போட்டுலிசத்தில் காய்ச்சல் இருக்காது, நினைவு தப்பாது. இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், வாய் உலரும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு திணறும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தொடங்கும், சில நாள் கழித்தும் வரலாம். பக்கவாதம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. 108ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், பாட்டிலையும் மூடி எடுத்துச் செல்லுங்கள். நச்சுமுறி மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

இதெல்லாம் வீட்டுக்குள். வாசல்படி தாண்டி விலைக்குப் போகும் ஜாடியின் மேல் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்து உட்காருகிறது. சித்திரைத் தேரன்று சமயபுரத்தில் பந்தல் போட்டு விற்பவர்களும் அதற்குள் அடக்கம். திருவிழாக் கூட்டத்தில் உணவு வழங்குபவர்களையும் 2011ஆம் ஆண்டு விதிகள் சிறு உணவு வணிகர் வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது.

வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது 14 இலக்க எண். 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் பதிவு. தயாரித்தவர் பெயர், முகவரி, சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். போன தேரின்போது ஒரு பந்தலில் நான் வாங்கிய பூண்டு ஊறுகாயில் பெயர்கூட இல்லை. கேட்டதற்கு, "வீட்டுத் தயாரிப்பும்மா, நம்பி சாப்பிடுங்க" என்றார்கள். நம்பிக்கைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நாளை ஏதாவது ஆனால் யாரிடம் போவது?

சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். மாவட்ட நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். அதிகம் பேசப்படாத ஓர் உரிமை சட்டத்தின் 40ஆவது பிரிவில் இருக்கிறது: வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் அந்தக் கட்டணம் உங்களுக்குத் திரும்பி வரும். உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை இழப்பீடு என்கிறது 65ஆவது பிரிவு. இது தவிர மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இல்லையென்றால் கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவையாவது வைத்திருங்கள். மருத்துவச் சீட்டு, மீதி ஊறுகாய், பாட்டில் மூன்றையும் தூக்கி எறியாதீர்கள். கோபத்தில் முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பாட்டில்தான், சாட்சியும் அதுதான்.

விற்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஸ்ரீரங்கத்திலும் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கத்திலும் ஊறுகாய் ஜாடியை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகள் எனக்குத் தெரியும். சட்டம் அவர்களைத் துரத்த வரவில்லை. சிறு வணிகருக்குப் பதிவு போதும், இணையத்திலேயே செய்யலாம். 2011 விதிகள் அதற்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். எவ்வளவு விற்பனை வரை பதிவு, எதற்கு மேல் உரிமம் என்ற வரம்பு திருத்தத்துக்கு உட்பட்டது, விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலர் மாதிரி எடுத்தால் அதன் விலையை அவர் தர வேண்டும். மாதிரியின் ஒரு பகுதியை உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அறிக்கை தவறென்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. கற்றுக்கொள்ள வேண்டுமா, திருச்சி அருகே தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழைப்பூத் தொக்கு, வாழைத்தண்டு ஊறுகாய்க்கான செய்முறைகளை உருவாக்கியிருக்கிறது. தஞ்சாவூரில் நிப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டு அக்கா போன ஐப்பசியில் பதிவு எண் வாங்கினார். அவருக்குச் சிரமமாக இருந்தது லேபிள் இல்லை, பூண்டு ஊறுகாய்தான். பி.எச். பார்க்கும் தாளை நான் வாங்கிக் கொடுத்தேன். மேலே நிற்கும் சாற்றில் தொட்டால் நல்ல புளிப்பு காட்டியது. ஒரு பல்லை எடுத்து எண்ணெயைத் துடைத்து, நடுவில் நசுக்கித் தொட்டபோது 5க்குப் பக்கத்தில் நின்றது. சாறு உள்ளே இறங்கவே இல்லை. இப்போது அவர் பூண்டை முழுசாகப் போடுவதில்லை. இரண்டாகக் கீறி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டுப் பிறகே தாளிக்கிறார். ஒவ்வொரு ஈடுக்கும் ஒரு பல்லை நசுக்கிப் பார்க்கிறார். 4ஐத் தாண்டினால் அந்த ஈடு பாட்டிலுக்குள் போவதில்லை.