இலவசப் பட்டியலில் உங்கள் போன் நம்பர்

கரூரிலிருந்து பாளையம் வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது குஜிலியம்பாறை. வேடசந்தூரிலிருந்து பிரிந்து தனித் தாலுகா ஆன ஊர். பக்கத்தில் கரிக்காலியில் சிமெண்ட் ஆலை, வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள். மற்றபடி மானாவாரிக் காடும் ஆடு மாடும்தான். இங்கே வெல்டிங் பட்டறை வைத்திருப்பவருக்கும், மோட்டாருக்குக் காயில் கட்டுபவருக்கும், சமையல் மாஸ்டருக்கும், வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண்ணுக்கும் வேலை பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வருகிறது. அந்த வாய்ச்சொல் நாலைந்து ஊர் தாண்டினால் நின்றுவிடும். கரூரில் வீடு கட்டுகிறவர் ஜன்னல் கிரில்லுக்கு ஆள் வேண்டுமென்றால் போனை எடுத்துத் தேடுகிறார். அதில் பெயர் வராத பட்டறை அவரைப் பொறுத்தவரை இல்லாத பட்டறை.

அதனால் பெயரைப் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். கூகுள் மேப்பில் தொழிலைச் சேர்க்கக் காசு கிடையாது. ஜஸ்ட் டயல், சுலேகா, இந்தியா மார்ட் போன்றவற்றிலும் அடிப்படைப் பதிவு இலவசம். காசு கட்டியவரின் பெயரை மேலே காட்டுவதும், இன்னாருக்கு இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்ற தகவலை விற்பதும்தான் இப்படிப்பட்ட நிறுவனங்களின் வருமானம். அது முறையான வியாபாரமே. ஆனால் இலவசம் என்று நாம் நினைக்கும் இடத்தில் நாம் கொடுத்துவிட்டு வருவது நம் போன் நம்பரை. அதை யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

பதிவு செய்த சில நாளில் ஒரு போன் வரும். "சார், உங்க கடையை முதல் பக்கத்துல கொண்டு வர்றோம், மாசம் இத்தனை ஆர்டர் கேரண்டி" என்பார்கள். அந்தக் கேரண்டியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பணம் கட்டுவதென்று முடிவு செய்தாலும் மாதாமாதம் கணக்கிலிருந்து தானாக எடுக்க அனுமதி கொடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். கார்டு, யுபிஐ வழியாகத் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும், வேண்டாமென்றால் நிறுத்தும் வசதி இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யுபிஐ ஆப்பில் 'ஆட்டோ பே' பகுதியில் நீங்களே ரத்து செய்யலாம். வங்கிக் கணக்கில் நேரடியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதியென்றால், கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தா வலையை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். திண்டுக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கே எதிர்த்தரப்பு, "இவர் வியாபாரத்துக்காக வாங்கிய சேவை, இவர் நுகர்வோரே அல்ல" என்று வாதிடக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தும் சிறு தொழிலாளி நீங்கள் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் பதிவான உத்யமுக்கு 2020 ஜூலை 1 முதல் ஒரு ரூபாய் கட்டணம்கூடக் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். ஆனால் இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் ஆதார் எண்ணை அதில் தட்டாதீர்கள். சந்தேகமிருந்தால் திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். இதைச் சொல்லித் தருவது அவர்களுடைய வேலை.

இனி நம்பர் வெளியே போனபின் வரும் ஆபத்து. நாடு முழுக்க ஒரே அச்சில் நடக்கும் மோசடி ஒன்று உண்டு. பட்டியலிலிருந்து நம்பரை எடுத்து, "நான் ராணுவத்திலிருந்து பேசுகிறேன்" என்று ஒருவர் அழைப்பார். சமையல்காரரிடம் ஐம்பது சாப்பாடு, ஃபர்னிச்சர் கடையில் பத்து கட்டில் என்று பெரிய ஆர்டராகச் சொல்வார். பேரம் பேசமாட்டார், அதுவே முதல் அடையாளம். முன்பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி ஒரு கியூஆர் கோடை அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்" என்பார். போட்ட நொடியில் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. வீட்டில் போன் தொடும் எல்லோருக்கும், அம்மா முதல் பிள்ளை வரை, இந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் காவல் நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே 1930-ஐ அழையுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். எடுக்கப்படும் முன் முடக்குவதற்குத்தான் அந்த எண். பணப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்து வங்கிக்கும் உடனே தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நட்டம் உங்களுடையதல்ல. நீங்களே பின் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த நட்டம் உங்கள் தலையில். ஆனால் புகார் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பதால் இழப்புத்தான் கூடும். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது. தையல், அழகுக் கலை, டியூஷன் என்று வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் நம்பரைப் பட்டியலில் போட்டால், ஆர்டரோடு சேர்ந்து வேண்டாத அழைப்பும் ராத்திரி நேரத்து மெசேஜும் வருகின்றன. அதற்குப் பயந்து கணவர் நம்பரையோ அண்ணன் நம்பரையோ போடுகிறார்கள். அவர் வேலைக்குப் போன இடத்தில் போனை எடுக்கமாட்டார். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இது நியாயமே அல்ல. தொழிலுக்கென்று தனி சிம் ஒன்று வாங்குங்கள்; ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணில் இணைந்திருக்கக் கூடாது. பெண் பெயருக்குப் பதில் கடைப் பெயர் போடுங்கள். கூகுளில் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு வேலை செய்வீர்கள் என்பதை மட்டும் காட்டும் வசதி உண்டு. தொடர்ந்து தொல்லை கொடுப்பவனின் எண்ணை பிளாக் செய்யும் முன் மெசேஜ்களைப் படமெடுத்து வையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில், பெண்ணைத் துரத்தித் தொல்லை கொடுப்பது, போனிலோ இணையத்திலோ என்றாலும், குற்றம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

நம் தகவலைக் காப்பாற்றத்தான் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது; 2025 நவம்பரில் விதிகளும் வெளிவந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அப்போது நீங்கள் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது: நீங்களே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஊருக்கெல்லாம் தெரியும்படி நீங்களே போட்ட நம்பரை ஒருவர் எடுத்துப் பயன்படுத்தினால் இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுப்பது கடினம். தனி சிம் என்று மேலே சொன்னது பெண்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான். விளம்பர அழைப்புத் தொல்லை வேண்டாமென்று 1909-ல் பதிவு செய்யலாம். வாடிக்கையாளர் தன் போனிலிருந்து அழைப்பதை அந்தப் பதிவு தடுக்காது, பயப்பட வேண்டாம்.

உங்கள் கடைப் பதிவை மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். 2018-ல் மகாராஷ்டிரத்தில் வங்கிக் கிளைகளின் போன் நம்பரையே இப்படி மோசடிக்காரர்கள் மாற்றி வைத்தது செய்தியானது. வங்கிக்கே அப்படியென்றால் பட்டறைக்கு என்ன காவல்? பதிவை உங்கள் பெயரில் உறுதி செய்து வைத்திருந்தால் திருத்தத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று. பட்டியலைப் பார்த்து வந்த வெளியூர்க் கம்பெனி வேலை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தடிக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகாரை விசாரிக்க மாநில அரசு அமைத்த வசதிக் கவுன்சில்கள் இருக்கின்றன. அவை தீர்ப்பளித்த பிறகு அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக நினைக்கும் கம்பெனி முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். போதாததற்கு, சிறு தொழிலுக்கு உரிய காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கவும் முடியாது.

இதற்கு இரண்டு நிபந்தனை. வாங்கி விற்கும் கடைகளுக்கு இது பொருந்தாது; தயாரிப்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான். இன்னொன்று, வேலைக்கு ஒப்பந்தம் செய்த நாளிலேயே இந்தச் சட்டப்படியான பதிவு (இப்போது உத்யம்) இருந்திருக்க வேண்டும் என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் நின்றபின் ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பயன் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இந்த வாரமே பதிவு செய்து, அந்த எண்ணைப் பில் புத்தகத்தில் கடைப் பெயருக்குக் கீழே அச்சடித்து வையுங்கள். ஆர்டர் தந்தவரின் முழு முகவரியையும் ஜிஎஸ்டி எண்ணையும் அதே பில்லில் எழுதி, பொருளை ஏற்றும் முன் கையெழுத்து வாங்குங்கள்.