ரெண்டு மணியா, ரெண்டு மணி நேரமா? கான்டனீஸ் சொல்ற கணக்கு

வில்லியனூர்ல நின்னுக்கிட்டு, "பாகூர் பஸ் வர ரெண்டு மணி ஆகும்"னு சொன்னா அது கடிகார நேரம். "ரெண்டு மணி நேரம் ஆகும்"னா டீக்கடைக்குப் போயிடலாம். அந்த ஒரு 'நேரம்'தான் வித்தியாசம். இங்க சில வீடுகள்ல இன்னும் பேசுற பிரெஞ்சுல ரெண்டுக்கும் 'தூ ஸெர்'தான். முன்னாடி வர்ற சொல்ல வச்சுதான் பிரிக்கணும்.

ஹாங்காங்ல வேலைக்குப் போற பாகூர் நண்பர் ஒருத்தருக்காக கான்டனீஸ்ல இத தேடிப் பார்த்தேன். அங்க கடிகார நேரம் 'லொங் திம்'. திம்னா புள்ளி. ரெண்டு மணி நேரம்னா 'லொங் கோ சுங்'. சுங்னா என்ன தெரியுமா? மணி! கோயில் மணி, அதே மணிதான். நாம மணிய எண்ணினா கடிகார நேரம், அவங்க எண்ணினா மொத்த நேரம். அப்படியே மொழிபெயர்த்தா மாட்டிக்குவோம்.

நடுவுல வர்ற 'கோ', "ரெண்டு பேர்"ல வர்ற 'பேர்' மாதிரி எண்ணிக்கைக்கு ஒட்டுற சொல். சின்னதுதான், ஆனா 'ஸாம் யூட்'னா மார்ச் மாசம், 'ஸாம் கோ யூட்'னா மூணு மாசம். விசா பேச்சுல இது விளையாட்டு இல்ல. வருஷத்துக்கும் நாளுக்கும் 'கோ' வேணாம். இன்னொண்ணு: 'பூன் கோ சுங்' அரை மணி நேரம், இடம் மாத்தி 'கோ பூன் சுங்'னா ஒன்றரை மணி நேரம். (ராகம் எழுத்துல வராது, ஆடியோவக் கேளுங்க.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது டாக்டர்கிட்ட சொல்றது. "மூணு நாள் காய்ச்சல் இருந்துச்சு"ன்னா போயிடுச்சு. "மூணு நாளா இருக்கு"ன்னா இன்னும் அடிக்குது. நமக்கு அந்த வேலைய 'ஆ' செய்யுது. கான்டனீஸ்ல 'ஃபாட் சியூ ஃபாட் சோ ஸாம் யாட்', அதாவது மூணு நாள் காய்ச்சல் அடிச்சுச்சு. கடைசியில ஒரு 'லா' சேர்த்தா, இதோட மூணு நாள் ஆச்சு, இன்னும் விடல. 'ஃபாட்' ரெண்டு தடவை வருதேன்னு பயப்படாதீங்க, கால அளவு சொல்லும்போது வினைய மறுபடி சொல்றது அவங்க வழக்கம்.

நண்பருக்கு முதல்ல மனப்பாடம் பண்ணச் சொன்னது அந்த 'லா'வத்தான்.